உள்ளமைப்பும் உறவுமுறையும்

கடலோரப் பாறைகளிலும், துறைமுகத்துத் தூண்களிலும், நெடுநாள் நங்கூரமிட்டுக் கிடக்கும் படகுகளின் அடிப்புறத்திலும், சிப்பிகளுக்கும் கொட்டலசுகளுக்கும் இடையே, பை வடிவான ஒரு சிறு பிராணி ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. அதற்குத் தலை என்று பிரித்துச் சொல்ல ஒரு பகுதி இல்லை, கண் இல்லை, கால் இல்லை, இருந்த இடத்தை விட்டுப் பெயர்வதும் இல்லை. மேற்புறத்தில் இரண்டு துவாரங்கள் மட்டும் உண்டு. அவற்றுள் ஒன்றின் வழியே கடல்நீர் உட்சென்று, தன்னிலுள்ள நுண்ணிய இரையை உள்ளே விட்டுவிட்டு, மற்றொன்றின் வழியே வெளியேறுகிறது. விரலால் அழுத்தினால் நீரைப் பீச்சிவிட்டுச் சுருங்கிக்கொள்ளும். அசிடியன் என்று பிராணி நூலார் இதனை அழைக்கின்றனர். இதற்கு நெருங்கிய சுற்றம் யார் என்று கேட்டால், அருகில் ஒட்டியிருக்கும் சிப்பியையோ, பவளத்தையோ, பாறையிடுக்கில் நெளியும் புழுவையோதான் எவரும் சுட்டிக்காட்டுவர். ஆனால் சாஸ்திரம் கூறும் விடை கேட்பவரைத் திடுக்கிட வைப்பது: மீனும் தவளையும் பசுவும் மனிதனும் அடங்கிய முதுகெலும்புடைய பெருங்கூட்டமே அசிடியனுக்கு மிக நெருங்கிய உறவு.

இவ்விடையைப் பார்த்த மாத்திரத்தில் எவரும் பெற்றுவிடவில்லை. பிராணியின் மேனியையும் நிறத்தையும் அது வாழும் இடத்தையும் நோக்கித் தரம் பிரித்த காலம் போய், அதன் சரீரத்தைத் திறந்து, உள்ளே அவயவங்கள் எவ்வாறு ஒழுங்குபெற்றிருக்கின்றன என்று ஆராய்ந்த காலம் வந்து, அதற்கும் அப்பால், அந்த ஒழுங்கு கருவிலே எப்படித் தோன்றி எப்படி முதிர்கிறது என்று பின்தொடர்ந்து பார்த்த காலமும் வந்த பிறகே அது கிடைத்தது. பிராணிகளைப் பாகுபடுத்தும் கலையின் வரலாறு முழுவதும், என் மதிப்பில், இந்த ஒரே திசையில் நடந்த பயணந்தான்: வெளியிலிருந்து உள்ளே, முடிந்த வடிவிலிருந்து அது முளைத்த மூலத்துக்கு.

நீரில் வாழ்வன, நிலத்தில் வாழ்வன, வானில் பறப்பன என்று பிரிப்பது மனித புத்திக்கு எளிது. அன்றாட வாழ்வுக்கு அது போதும். ஆனால் கடலில் வாழ்வது என்ற ஒரே காரணத்துக்காக ஓங்கிலையும் சுறாவையும் ஓரினமாகக் கொள்வதில் உள்ள குறையைக் கிறிஸ்துவுக்கு முன் நாலாம் நூற்றாண்டிலேயே அரிஸ்டாட்டில் உணர்ந்திருந்தார். ஓங்கில் நுரையீரலால் மூச்சுவிடுவதையும், குட்டி ஈன்று பாலூட்டுவதையும் அறிந்து, அதனை மீன்களிடமிருந்து அவர் விலக்கி வைத்தார். இரத்தம் உடையன, இரத்தம் அற்றன என்று அவர் வகுத்த இரு பெரும் பிரிவுகள், முதுகெலும்புள்ளன, முதுகெலும்பற்றன என்று இன்று நாம் கூறுவனவற்றோடு பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. நம் தொல்காப்பியத்து மரபியலும் உயிர்களை வாழிடத்தால் பிரிக்கவில்லை. ஓரறிவு முதல் ஆறறிவு வரை புலனறிவின் அளவால் வரிசைப்படுத்தி, நத்தையையும் சிப்பியையும் ஈரறிவுக்கும், கறையானையும் எறும்பையும் மூவறிவுக்கும் உரியனவாக்கியது. சரீர சாஸ்திரம் அந்நூலின் நோக்கமன்று. ஆயினும் உயிரின் தரத்தைப் புறத்தோற்றத்தில் தேடாமல் அதன் உள்ளாற்றலில் தேடிய அந்தப் பார்வையை மதித்துப் போற்றவே தோன்றுகிறது.

ஸ்வீடன் தேசத்து மருத்துவரும் இயற்கை நூலாருமான கார்ல் லின்னேயஸ், 1758-ஆம் ஆண்டில் தமது பெருநூலின் பத்தாம் பதிப்பை வெளியிட்டபோது, நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பிராணிகளுக்கு இரட்டைப் பெயர் சூட்டியதோடு, அவற்றைப் பாலூட்டிகள், பறவைகள், நீர்நில வாழ்வன, மீன்கள், பூச்சிகள், புழுக்கள் என ஆறு வகுப்புகளாகவும் வகுத்தார். இப்பாகுபாட்டுக்கு அவர் கொண்ட ஆதாரங்களுள் முதன்மையானவை இருதயத்தின் அறைகளும், இரத்தத்தின் நிறமும் வெப்பமும் ஆகும். ஆகவே உள்ளமைப்பை நோக்கும் வாயிலை அவரும் ஓரளவு திறந்தே வைத்தார் எனலாம். திமிங்கிலத்தை மீன் கூட்டத்திலிருந்து எடுத்துப் பாலூட்டிகளோடு சேர்த்ததும் இந்தப் பதிப்பில்தான். ஆனால் முதல் வகுப்புகளில் அவர் காட்டிய கூர்மை கடைசி வகுப்பில் காணப்படவில்லை. எலும்பும் இல்லாமல், கணுக்காலும் இல்லாமல் இருந்த பிராணி எதுவாயினும் அது 'புழுக்கள்' வகுப்பைச் சென்றடைந்தது. மண்புழு, நத்தை, கணவாய், சொறி, நட்சத்திர மீன், பவளம் எல்லாம் அங்கே ஒருமித்துக் கிடந்தன. தாடையற்ற மீன்களுள் ஒன்றுகூட, நீண்டு வழவழத்த மேனியைக் கொண்டு, புழுவாகவே அங்கு எண்ணப்பட்டது. பிராணி உலகத்தின் வேறுபாடுகளில் மிகப் பெரியவை அனைத்தும் அந்த ஒரு வகுப்புக்குள்ளேயே மறைந்திருந்தன என்பதை அடுத்த தலைமுறை கண்டது.

அந்தக் குவியலைப் பிரித்த பெருமை பாரிஸ் நகரத்துக்கு உரியது. பிரெஞ்சுப் புரட்சியின் கொந்தளிப்புக்கு நடுவே, 1793-இல், அங்கிருந்த அரசத் தோட்டம் இயற்கைப் பொருட்காட்சிச்சாலையாக மாற்றியமைக்கப்பட்டபோது, அதுவரை தாவர நூலில் புகழ்பெற்றிருந்த லாமார்க், ஐம்பதை எட்டும் பிராயத்தில், பூச்சிகளுக்கும் புழுக்களுக்கும் உரிய பேராசிரியராக நியமிக்கப்பட்டார். முதுகெலும்பற்ற பிராணிகள் என்ற வழக்கை நிலைநாட்டியவர் அவரே. ஈராண்டுக்குப் பின் அங்கு வந்து சேர்ந்த ஜார்ஜ் குவியே என்னும் இளைஞரோ, நார்மண்டிப் பகுதியில் ஒரு செல்வக் குடும்பத்துப் பிள்ளைக்கு ஆசிரியராக இருந்த நாட்களில், கடற்கரையில் கிடைத்த கணவாயையும் நத்தையையும் பிற சிறு பிராணிகளையும் அறுத்துப் பார்த்துப் படம் வரைந்து பழகியவர். அந்தப் பழக்கம் சாஸ்திரத்தின் போக்கையே மாற்றியது. சரீரத்திலுள்ள அவயவங்கள் தனித்தனியே சேர்த்து வைத்த உறுப்புகள் அல்ல, ஒன்றின் அமைப்பு மற்றொன்றின் அமைப்பைக் கட்டுப்படுத்துகிறது, இறைச்சியைக் கிழிக்கும் பல்லுக்கு ஏற்ற குடலும் அக்குடலுக்கு ஏற்ற காலும் ஒருங்கே அமைந்தால்தான் பிராணி வாழமுடியும் என்று அவர் வற்புறுத்தினார். அவயவங்களுள்ளும் எல்லாம் சமமான மதிப்புடையன அல்ல. பிராணி முழுவதையும் ஆளுவது நரம்பு மண்டலமாதலால், அதன் அமைப்பே பாகுபாட்டுக்குத் தலையாய ஆதாரம் என்பது அவருடைய சித்தாந்தம்.

இந்தச் சித்தாந்தத்தின் பயனாக 1812-இல் அவர் அறிவித்து, 1817-இல் வெளியான பெருநூலில் விரித்துக் கூறியது நான்கு பெருங்கிளைகள் கொண்ட பாகுபாடு. முதுகுப்புறமாக நரம்புத்தண்டு ஓட, அதை முதுகெலும்பு காத்து நிற்பவை ஒரு கிளை. சிப்பியும் நத்தையும் கணவாயும் போல, மென்மையான உடலில் நரம்பு முடிச்சுகள் அங்குமிங்கும் சிதறிக் கிடந்து இழைகளால் இணைக்கப்பட்டிருப்பவை மற்றொரு கிளை. மண்புழுவும் நண்டும் தேளும் வண்டும் போல, உடல் வளையம் வளையமாகப் பகுக்கப்பட்டு, வயிற்றுப்புறமாக இரட்டை நரம்பிழை ஓடுபவை மூன்றாவது. நட்சத்திர மீனும் சொறியும் பவளமும் போல, ஒரு மையத்தைச் சுற்றிப் பாகங்கள் ஆரம் ஆரமாக விரிந்திருப்பவை நாலாவது. இவற்றுள் ஒன்று மற்றொன்றுக்கு மேல்நிலையோ கீழ்நிலையோ அன்று, ஒவ்வொன்றும் தனித்த ஒரு திட்டம் என்று குவியே கூறியதை அவருடைய பணியின் சிகரமாக நான் கருதுகிறேன். கல்லிலிருந்து மனிதன் வரை ஒரே ஏணியாக உலகத்தைக் கண்ட பழைய எண்ணம் அங்கே முறிந்தது. ஆனால் நாலாவது கிளையில் அவரும் லின்னேயஸின் வழியிலேயே சென்றார். மற்ற மூன்றிலும் அடங்காதவற்றை அங்கே வைத்தார். வட்ட வடிவம் என்ற புறத்தோற்றம் அவரையும் ஏமாற்றிவிட்டது.

அந்தக் கிளையைப் பிரிப்பதற்கு வேறொரு கேள்வியைக் கேட்கவேண்டியிருந்தது: சரீரம் எந்த அளவுக்கு வேலைப்பிரிவினை பெற்றிருக்கிறது என்பதே அக்கேள்வி. எல்லாவற்றினும் எளிய நிலையில் இருப்பவை கடற்பஞ்சுகள். இவை தாவரமா பிராணியா என்பதே நெடுநாள் விவாதமாக இருந்தது. 1825-ஆம் ஆண்டை ஒட்டி எடின்பரோவில் ராபர்ட் கிராண்ட் என்னும் அறிஞர், மேனியெங்கும் உள்ள சிறு துளைகளின் வழியே நீர் உட்புகுந்து பெருந்துளை வழியே வெளியேறுவதை உற்றுநோக்கிக் கண்டார். கடற்பஞ்சில் வாய் இல்லை, வயிறு இல்லை, நரம்பு இல்லை. கழுத்துப்பட்டை அணிந்தாற்போன்ற ஒருவகைச் செல்கள் சவுக்கு போன்ற இழைகளை வீசி நீரோட்டத்தை உண்டாக்கி இரையைப் பிடிக்கின்றன. வேறு சில செல்கள் மேனியை மூடுகின்றன. இன்னும் சில, முள் போன்ற சட்டகத்தைச் சுரக்கின்றன. 1907-இல் அமெரிக்க உயிரியலாளர் வில்சன் ஒரு கடற்பஞ்சை நுண்ணிய பட்டுத்துணியில் வைத்துப் பிழிந்து, செல் செல்லாகக் கடல்நீரில் உதிர்த்தார். உதிர்ந்த செல்கள் ஊர்ந்து சென்று ஒன்றோடொன்று கூடி, சிறிது காலத்தில் மீண்டும் கடற்பஞ்சுகளாகவே அமைந்தன. செல்கள் சேர்ந்து வாழ்கின்றன, ஆனால் திசுக்களாக முற்றும் கட்டுப்படவில்லை என்னும் நிலையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பரிசோதனை வேறில்லை.

அதற்கு அடுத்த நிலையில் ஹைட்ராவும் சொறியும் பவளமும் அடங்கிய குழியுடலிகள் நிற்கின்றன. இவற்றின் செல்கள் திசுக்களாக ஒழுங்குபட்டு, உள்துணி வைத்துத் தைத்த பையைப் போல, புறத்தில் ஒரு படையும் அகத்தில் ஒரு படையுமாக அமைந்திருக்கின்றன; பையின் வாய் ஒன்றே, உணவு புகுவதும் கழிவு வெளியேறுவதும் அதன் வழியேதான். நரம்புச் செல்கள் உண்டு. ஆனால் அவை மூளையாகத் திரளாமல் மேனியெங்கும் வலையாகப் பரந்திருக்கின்றன. முன், பின், இடம், வலம் என்ற பேதம் இவற்றுக்கு இல்லை. நடுவின் வழியே எந்தத் திசையில் நெடுகப் பிளந்தாலும் பெரும்பாலும் ஒத்த பாதிகளே கிடைக்கும். ஒரே இடத்தில் பொருந்தியோ அலையில் மிதந்தோ வாழ்ந்து, எல்லாத் திசையிலிருந்தும் இரையையும் ஆபத்தையும் ஒருங்கே எதிர்நோக்கும் பிராணிக்கு இந்த ஆரச் சமச்சீர் மிகப் பொருத்தமானது.

ஒரு திசையை நோக்கி ஊர்ந்து செல்லத் தொடங்கும் பிராணிக்கோ வேறு அமைப்பு வேண்டும். முன்னே செல்லும் முனை புதியவற்றை முதலில் சந்திப்பதால் புலன்களும் நரம்புத் திரளும் அங்கே கூடித் தலை உண்டாகிறது. தரையைத் தொடும் பக்கம் வயிறாகிறது, எதிர்ப்பக்கம் முதுகாகிறது. எஞ்சிய இரு பக்கங்களும் ஒன்றுக்கொன்று எதிருருவாக அமைகின்றன. இதுவே இருபக்கச் சமச்சீர். தட்டைப்புழுவில் இந்த ஒழுங்கைத் தெளிவாகக் காண்கிறோம். அங்கே புறப்படைக்கும் அகப்படைக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு நடுப்படையும் தோன்றி, தசைகளையும் இனப்பெருக்க உறுப்புகளையும் உண்டாக்குகிறது. திசுக்கள் கூடி அவயவங்களாகும் நிலை இதுவே. ஆனால் தட்டைப்புழுவின் உடல் இடைவெளியின்றி நிறைந்து கிடப்பது. பிராணவாயுவைச் சுமந்து செல்ல இரத்த ஓட்டம் இல்லாததால், ஒவ்வொரு செல்லும் மேற்பரப்புக்கு அருகிலேயே இருக்கவேண்டும். அந்தப் புழு தட்டையாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

இங்கே உடற்குழி என்ற ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். ஏனெனில் பிராணி சாஸ்திரத்தை முதன்முதலாகப் படிப்பவர்கள் இதை ஒரு வறட்டு இலக்கணமாக மனப்பாடம் செய்துவிட்டு, அதன் பெருமையை அறியாமலே விட்டுவிடுகின்றனர். மண்புழுவை அறுத்துப் பார்த்தால், குடல் ஒரு குழாயாகவும், உடற்சுவர் அதைச் சூழ்ந்த மற்றொரு குழாயாகவும், இரண்டுக்கும் நடுவே திரவம் நிறைந்த ஓர் இடைவெளியும் இருப்பதைக் காணலாம். நடுப்படையிலிருந்து பிறந்த மெல்லிய சவ்வு அவ்விடைவெளியின் உட்சுவர் வெளிச்சுவர் இரண்டையும் போர்த்தியிருக்கும். இந்த இடைவெளியினால் குடல் உடற்சுவரிலிருந்து விடுதலை பெறுகிறது. புழு ஊர்ந்தாலும் ஊராவிட்டாலும் குடல் தன் போக்கில் உணவைத் தள்ளலாம். குடல் அசைந்தாலும் உடல் அசையவேண்டியதில்லை. எலும்பில்லாத புழு மண்ணைத் துளைப்பதும் இதே குழியிலுள்ள திரவத்தின் மேல் தசைகள் அழுத்துவதனால்தான். நம் சரீரத்திலும் இருதயம் துடிப்பதற்கும், நுரையீரல் விரிந்து சுருங்குவதற்கும், இரைப்பை உணவைப் புரட்டுவதற்கும் இடம் தந்து நிற்பவை இந்த உடற்குழியின் பிரிவுகளே. உருளைப்புழுக்களிலோ குழி உண்டு, ஆனால் நடுப்படைச் சவ்வு அதை முழுதும் போர்த்துவதில்லை. அதனால் அது பொய்யுடற்குழி எனப்பட்டது. உடற்குழியற்றன, பொய்யுடற்குழியின, உண்மை உடற்குழியின என்ற இந்த வரிசையை, முதுகெலும்பற்ற பிராணிகளைப் பற்றி 1940 முதல் 1967 வரை ஆறு பெரும் பாகங்களை எழுதிய லிபி ஹைமன் என்ற அமெரிக்க மாதரசி தம் நூலில் கையாண்டார். பல தலைமுறை மாணவர்கள் கற்றது அந்த வரிசைதான்.

அறுத்துப் பார்ப்பதனால் அறியக்கூடியது இவ்வளவு. ஆனால் முதிர்ந்த சரீரம் சில வேளைகளில் உண்மையை மறைத்துவிடுகிறது. கொட்டலசு இதற்கு நல்ல திருஷ்டாந்தம். சுண்ணாம்பு ஓட்டுக்குள் அடைபட்டுப் பாறையில் ஒட்டியிருக்கும் அதைக் குவியே சிப்பிகளோடு மெல்லுடலிகளில் சேர்த்தார். 1830-இல் அயர்லாந்தில் ஜான் வாகன் தாம்சன் என்ற இராணுவ மருத்துவர், கணுக்கால்களோடு இறாலினத்துக் குஞ்சின் சாயலில் கடலில் நீந்தித் திரிந்த ஒரு சிறு உயிர் தலையைப் பாறையில் ஊன்றிக் கொட்டலசாக மாறுவதைக் கண்டு அறிவித்தார். முதிர்ந்தபின் ஓட்டுக்கு வெளியே நீட்டி நீட்டி இரையை வாருகின்ற இறகு போன்ற பாகங்கள் அதன் கால்களே. சிப்பியாகக் கருதப்பட்டது நண்டுக்கும் இறாலுக்கும் சொந்தக்காரனாயிற்று. சார்லஸ் டார்வின் 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டுகளை இந்தக் கொட்டலசுகளுக்கே அர்ப்பணித்தார்; அந்த உழைப்பினால் ஓரினத்துக்குள்ளேயே எத்தனை வேறுபாடு உண்டு என்பதை அவர் கைகளாலேயே உணர்ந்துகொண்டார்.

கருவின் வளர்ச்சியே உறவுக்குச் சாட்சி என்ற கொள்கைக்கு அடிகோலியவர் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேர். அவர் 1828-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, கரு முதலில் தன் பெருங்கிளைக்குரிய பொது இலட்சணங்களைப் பெற்று, பிறகுதான் வகுப்புக்கும் குடும்பத்துக்கும் இனத்துக்கும் உரிய சிறப்பு இலட்சணங்களை ஒவ்வொன்றாகப் பெறுகிறது. இக்கொள்கையின் மிகச் சிறந்த வெற்றி, நாம் தொடக்கத்தில் கண்ட அசிடியனைப் பற்றியதே. லாமார்க்கும் குவியேயும் அதைப் பற்றிச் சிந்தித்திருந்தனர்; குவியே அதை ஓடற்ற சிப்பிபோலக் கொண்டு மெல்லுடலிகளில் வைத்தார். 1866-இல், இருபத்தாறு வயதேயான ருஷ்ய விஞ்ஞானி அலெக்சாண்டர் கோவலேவ்ஸ்கி, அசிடியனின் முட்டை இளவுயிராவதைப் படிப்படியாகப் பின்தொடர்ந்து விவரித்தார். முட்டையிலிருந்து வெளிவருவது பையன்று. தவளையின் தலைப்பிரட்டையை ஒத்த, வாலாட்டி நீந்தும் ஓர் உயிர். அதன் வாலின் நடுவே விறைத்த கோல் போன்ற முதுகுநாண் ஓடுகிறது. அதற்கு மேலே குழாய் வடிவான நரம்புத்தண்டு கிடக்கிறது. தொண்டையில் செவுள் பிளவுகள் தோன்றுகின்றன. மனிதக் கருவில் முதுகெலும்பு உண்டாகுமுன் தோன்றும் அதே நாண், அதே நரம்புக்குழாய், அதே ஒழுங்கு. அவ்வுயிர் சொற்ப காலமே நீந்திவிட்டு, தலையைப் பாறையில் பதித்துக்கொள்கிறது; வால் உள்ளிழுக்கப்பட்டுக் கரைகிறது; நாண் மறைகிறது; நரம்புத்தண்டு சுருங்கி ஒரு சிறு முடிச்சாகிறது; பையும் இரண்டு துவாரங்களும் மிஞ்சுகின்றன. பிறவியில் முதுகுநாணியாக இருந்து, முதிர்ச்சியில் அதன் அடையாளத்தையெல்லாம் துறந்துவிட்ட பிராணி அது. அந்தச் சில மணி நேரத்து இளமையைக் காணாதிருந்தால், அதன் குலத்தை நாம் அறிந்திருக்கவே மாட்டோம்.

முதுகுநாணிகளுக்கும் மற்றவற்றுக்கும் இடையே நிற்கும் வேறொரு பிராணியைக் காணத் தமிழர் நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. பாம்பனுக்கு அருகில், மன்னார் வளைகுடாவில் உள்ள குருசடைத் தீவின் மணற்பரப்பில் பலனோகுளோசஸ் எனப்படும் அரைநாணி வாழ்கிறது. அத்தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றிச் சென்னை அரசாங்கப் பொருட்காட்சிச்சாலை 1927-இலேயே ஒரு தனி நூல் வெளியிட்டது. பார்வைக்கு அது மென்மையான நீண்ட புழு; முன்முனையில் தும்பிக்கை, அதையடுத்துக் கழுத்துப்பட்டை, பின்னே நெடிய உடல். ஆனால் அந்த உடலின் முன்பகுதியில் இருபுறமும் செவுள் துளைகள் வரிசையாக இருக்கின்றன. புழுவுக்குச் செவுள் பிளவு ஏன் என்ற கேள்வியே அதனை மண்புழுக் கூட்டத்திலிருந்து பிரித்து நம் பக்கத்துக்குக் கொண்டுவந்தது. அதன் நீந்தும் குஞ்சோ நட்சத்திர மீனின் குஞ்சை மிகவும் ஒத்திருப்பது. அந்த ஒற்றுமையும் தற்செயலன்று.

நட்சத்திர மீன் நமக்கு உறவு என்று கேட்டால் பலர் நம்பமாட்டார்கள். ஐந்து கரங்களோடு வட்டமாக இருப்பதனால்தான் குவியே அதனைச் சொறியோடு சேர்த்தார். ஆனால் நட்சத்திர மீனின் குஞ்சு இடம் வலம் உடையது. ஐந்தாகும் அமைப்பு பின்னால் வந்து சேர்வது. மேலும், கரு கோளமாக இருக்கும் பருவத்தில் அதன் மேனி ஓரிடத்தில் உள்ளே குழிந்து முதல் துவாரம் ஒன்று உண்டாகிறது. மெல்லுடலிகளிலும் வளைதசைப் புழுக்களிலும் பொதுவாக வாய் அத்துவாரத்தை ஒட்டி அமையும் என்றும், நட்சத்திர மீனிலும் முதுகெலும்புள்ளனவற்றிலும் அது மலவாயாகி, வாய் வேறிடத்தில் புதிதாகத் திறக்கும் என்றும் கண்டு, 1908-இல் கார்ல் குரோபென் இருபக்கச் சமச்சீர் உடையனவற்றை இரு பெரும் பிரிவாக்கினார். விதிவிலக்குகள் பலவற்றைப் பின்வந்தோர் கண்டுள்ளனர். ஆயினும் நண்டைவிட, தேனீயைவிட, நட்சத்திர மீனும் கடல் அட்டையும் மனிதனுக்கு நெருங்கியவை என்னும் முடிவு இன்றளவும் அசையவில்லை.

குவியேயின் கிளைகளுக்கிடையே பாலமே இல்லையா என்ற வாதம் அவர் காலத்திலேயே எழுந்தது. அவருடைய சகாவான ஜெஃப்ராய் சாந்திலேர், 1822-இல், சிங்கி இறாலை மல்லாத்திப் பார்த்தால் அதன் நரம்புத்தண்டும் குடலும் இருதயமும் முதுகெலும்புள்ள பிராணியில் இருக்கும் வரிசையிலேயே அமைகின்றன என்று கூறினார். 1830-இல் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தில் இருவரும் வெளிப்படையாக மோதினர். அந்த ஆண்டின் ஜூலைப் புரட்சிச் செய்தி ஜெர்மனியை எட்டியபோது, எண்பது வயதான கவிஞர் கதே பாரிஸில் மூண்ட பெரு நிகழ்ச்சி என்று பரபரப்போடு பேசியது அரசியலைப் பற்றியன்று, இந்த விவாதத்தைப் பற்றியே என்று அவருடைய நண்பர் எக்கர்மன் எழுதிவைத்திருக்கிறார். அன்று சபையில் மேலோங்கியவர் குவியே. ஆனால் 1990-களில், ஈயின் வயிற்றுப்புறத்தில் நரம்பு தோன்றும் இடத்தை நிர்ணயிக்கும் மரபணுவும், தவளையின் முதுகுப்புறத்தில் அதே வேலையைச் செய்யும் மரபணுவும் ஒரே மூலத்தவை என்றும், ஒன்றின் இடத்தில் மற்றொன்று வேலை செய்யவல்லது என்றும் காணப்பட்டது. மல்லாத்திப் பார்க்கச் சொன்னவரின் ஊகத்தில் சாரம் இருந்தது என்பதை ஒன்றேமுக்கால் நூற்றாண்டு கழித்து விஞ்ஞானம் ஒப்புக்கொண்டது.

மரபணு ஆராய்ச்சி பழைய பாகுபாட்டை உறுதிப்படுத்தியதோடு நிற்கவில்லை. அதனைத் திருத்தவும் செய்தது. வளையம் வளையமான உடலைக் கொண்டு மண்புழுவையும் பூச்சியையும் ஒரே கிளையில் குவியே வைத்ததைப் பின்வந்தோர் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஏற்றுக்கொண்டனர். 1997-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, ரைபோசோமிய மரபணு ஒன்றை ஒப்பிட்டு, பூச்சிகளுக்கும் நண்டுகளுக்கும் நெருங்கிய உறவு, வளையமே இல்லாத உருளைப்புழுக்கள்தாம் என்றும், இவை அனைத்துக்கும் பொதுவான இலட்சணம், வளரும்போது மேற்சட்டையை உரிப்பதே என்றும் காட்டியது. மண்புழுவோ நத்தைக்கும் சிப்பிக்கும் பக்கத்திலே சென்று அமர்ந்தது. உடற்குழியின் தரத்தைக் கொண்டு வகுத்த வரிசையும் இதனால் குலைந்தது. பொய்யுடற்குழி ஒரு படிநிலையன்று, வெவ்வேறு குலங்களில் வெவ்வேறு வழியில் வந்து சேர்ந்த அமைப்பு என்று கொள்ளவேண்டியதாயிற்று. இன்று பெயரிடப்பட்டுள்ள பிராணி இனங்கள் ஏறத்தாழ 15 லட்சம். அவை முப்பதுக்கும் மேற்பட்ட தொகுதிகளில் அடங்குகின்றன. அந்தத் தொகுதிகள் ஒவ்வொன்றையும் இன்றும் சரீர அமைப்பைக் கொண்டே இனங்காண்கிறோம். அவற்றுக்குள் யார் யாருக்கு மூத்த உறவு, யார் இளைய உறவு என்பதைச் சொல்லவே மரபணுவை நாடுகிறோம்.

மரபணுவும் எல்லா வேளைகளிலும் உடனே உண்மையைத் தந்துவிடுவதில்லை. ஸ்வீடனின் மேற்குக் கடலோரச் சேற்றிலிருந்து எடுக்கப்பட்டு 1949-இல் விவரிக்கப்பட்ட ஸெனோடர்பெல்லா என்னும் புழுவுக்கு மூளை இல்லை, உடற்குழி இல்லை, மலவாய் இல்லை. வயிற்றின் கீழ்ப்புறத்தில் ஒரு வாயும், ஒரு குருட்டுக் குடலும் மட்டும் உண்டு. 1997-இல் அதன் மரபணுவை ஆராய்ந்தவர்கள் அது சிப்பியினம் என்று அறிவித்தனர். 2003-இல், அந்த மரபணு புழுவினுடையதன்று, அது தின்றிருந்த சிப்பியினுடையது என்று தெரியவந்தது. 2013-இல் ஆராய்ச்சியாளர்கள் அதன் குஞ்சுகளைக் கண்டு விவரித்தனர்: வாயும் இல்லாமல், மேனியெங்கும் நுண்மயிர் போர்த்து நீந்தும் அவை, உடற்குழியற்ற வேறொரு சிறு புழுக்கூட்டத்தின் குஞ்சுகளை ஒத்திருந்தன. 2016-இல் பசிபிக் கடலின் ஆழத்திலிருந்து மேலும் நான்கு இனங்கள் விவரிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று சுமார் 3,700 மீட்டர் ஆழத்தில் வாழ்வது. இருபக்கச் சமச்சீர் உடைய மற்றப் பிராணிகள் அனைத்துக்கும் முன்பே பிரிந்து நின்ற தொல்குலம் இது என்று ஒரு சாரார் கூறுகின்றனர். நட்சத்திர மீனுக்கும் நமக்கும் உறவாக இருந்து, அசிடியன் வாலை இழந்ததுபோல, முன்னிருந்த அவயவங்களையெல்லாம் இழந்துவிட்ட குலம் என்று மற்றொரு சாரார் வாதாடுகின்றனர். முதல் கூற்று மெய்யானால் இதன் எளிமை பழமையின் அடையாளம். இரண்டாவது மெய்யானால் அது இழப்பின் அடையாளம். இரு சாராரும் இப்பொழுது மேலும் பல மரபணுக்களை ஒப்பிட்டும், அக்குஞ்சுகளின் வளர்ச்சியைப் படிப்படியாகப் பின்தொடர்ந்தும் ஆராய்ந்து வருகின்றனர்.